கண்ணுக்குத் தெரியாத செலவு: வளாக விளக்குகளுக்கான மின் குழாய்கள்



ஆஸ்பத்திரி வளாகத்தின் பாதைகளிலும் தோட்டத்திலும் விளக்குகள் அமைக்கும் வேலைக்குக் காணிக்கை அனுப்பிய சபைகளிலிருந்து ஒரே கேள்வி பலமுறை எங்களுக்கு வந்திருக்கிறது. "விளக்குகளின் விலையைவிடப் பள்ளம் தோண்டவும் குழாய் பதிக்கவும் ஆகும் தொகை அதிகமாக இருக்கிறதே, கம்பத்துக்குக் கம்பம் ஒயரை இழுத்துக் கட்டிவிட்டால் போதாதா?" என்பதே அந்தக் கேள்வி. இது நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. வேலை முடிந்தபின் விளக்குகளை எல்லாரும் பார்ப்பார்கள். குழாயை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே மண்ணுக்குள் என்ன போகிறது, அது ஏன் போகிறது என்பதை இந்த இதழில் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். உங்கள் ஆலய வளாகத்திலோ பள்ளியிலோ தோட்ட விளக்கு போட நினைத்திருந்தால் இந்த விவரங்கள் உங்களுக்கும் பயன்படும்.

பாதைக்கு வெளிச்சம் ஏன்?

ஆஸ்பத்திரிக்கு இரவு என்பது ஓய்வு நேரம் அல்ல. இரவு வேலைக்கு வரும் நர்சுகள் விடுதியிலிருந்து வார்டுக்கு நடக்கிறார்கள். நோயாளியோடு தங்கியிருக்கிறவர்கள் மருந்துக் கடைக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் போய்வருகிறார்கள். பிரசவ வலியோடு வருகிறவர்கள் நேரம் பார்த்து வருவதில்லை. மரம், புதர், கல் நிறைந்த வளாகத்தில் கட்டுவிரியன் போன்ற பாம்புகள் இரவில்தான் நடமாடுகின்றன. கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் வெளிச்சம் தருவதற்காகக் கொண்டுவரும் மின்சாரமே ஆபத்தாகிவிடக் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் மின்விளக்கை நாம் காய்ந்த தரையில், செருப்போடு நின்று, எட்டி நின்று பயன்படுத்துகிறோம். தோட்டத்து விளக்குக் கம்பத்தையோ மழையில் நனைந்தபடி வெறுங்காலோடு வரும் ஒருவர் சாய்ந்து பிடிக்கக்கூடும். சிறுபிள்ளை கட்டிக்கொண்டு விளையாடும். மாடு உரசும். மழைக்காலத்தில் விளக்குக் கம்பத்தைத் தொட்டு உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. அப்படிப்பட்ட ஆபத்துகளைத் தடுக்கும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது.

மேலே போகும் ஒயரும் கீழே போகும் ஒயரும்

மின்சாரத்தைப் பூமிக்கடியில் கொண்டுபோவது புதிய யோசனை அல்ல. தாமஸ் எடிசன் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின் நிலையத்தைத் தொடங்கியபோதே, செம்புக் கம்பிகளை இரும்புக் குழாய்க்குள் வைத்து, தார் போன்ற கலவையை ஊற்றி, தெருவுக்கு அடியில்தான் பதித்திருந்தார். அதே நகரத்தில் தந்தி, தொலைபேசி, தெருவிளக்குக் கம்பிகள் தலைக்கு மேலே சிலந்தி வலையாய்ப் பின்னிக் கிடந்தன. 1888 மார்ச் மாதத்துப் பெரும் பனிப்புயலில் அந்தக் கம்பங்கள் ஏராளமாய்ச் சாய்ந்தன. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் இன்னும் வலுவடைந்தது.

நமக்குப் பனிப்புயல் இல்லை; புயல் உண்டு. 2011 டிசம்பரில் கடலூர்ப் பக்கம் வந்த தானே, 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா, 2018 நவம்பரில் நாகப்பட்டினம், தஞ்சைப் பகுதிகளை அழித்த கஜா ஆகியவை எத்தனை மின்கம்பங்களைச் சாய்த்தன என்பதை அந்த மாவட்டத்து மக்கள் மறக்கமாட்டார்கள். மரங்கள் அடர்ந்த வளாகத்தில் புயல் வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு வேப்பங்கிளை முறிந்து விழுந்தாலே மேலே தொங்கும் ஒயர் அறுந்து தரையில் கிடக்கும். இருட்டில் அதை யார் மிதிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே கேபிள் பூமிக்கடியில் போவதே வளாகத்துக்கு ஏற்றது.

எவ்வளவு ஆழம்?

பூமிக்கடியில் என்றால் புல்லைக் கீறி ஒயரைச் செருகிவிடுவது அல்ல. பூமிக்கடியில் கேபிள் பதிப்பதற்கான ஐ.எஸ். 1255 என்ற இந்திய நெறிமுறை, வீட்டு மின்சாரம் போன்ற குறைந்த அழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர் ஆழம் சொல்கிறது. அதாவது இரண்டரை அடி. வண்டிகள் கடக்கும் சாலைக்கு அடியில் 1 மீட்டர். தோட்டக்காரர் செடிக்குப் பாத்தி வெட்டும்போதும் தென்னைக்கு வட்டம் எடுக்கும்போதும் மண்வெட்டி இந்த ஆழத்துக்கு இறங்காது. அதற்காகவே இந்த அளவு.

பள்ளத்தின் அடியில் கூர்மையான கல்லையும் வேரையும் எடுத்துவிட்டு, சலித்த மணலைச் சுமார் 8 சென்டிமீட்டர் பரப்ப வேண்டும். அதன்மேல் குழாய், மறுபடியும் மணல், அதற்கு மேல் வரிசையாகச் செங்கல். செங்கல் எதற்கு என்று கேட்கலாம். நாளைக்கு ஒருவர் கடப்பாரை போட்டால் முதலில் செங்கல்லில் இடிக்கும். "கீழே ஏதோ இருக்கிறது" என்று அவர் நிறுத்துவார். அதற்கும் மேலே, தரைமட்டத்துக்கு ஓர் அடி கீழே, எச்சரிக்கை வாசகம் அச்சிட்ட பிளாஸ்டிக் நாடாவை விரிப்பார்கள். மண் போடும்போது அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் பள்ளத்தின் தடம் முழுவதும் இறங்கி, அதில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிடும்.

ஆழமாய்த் தோண்டி அஸ்திபாரம் போட்டவனுடைய உவமை நம் வாசகர்களுக்குப் புதியதல்ல. கூலியாட்களின் நாள் கணக்கு ஏன் கூடுகிறது என்பதற்கு இந்த இரண்டரை அடியே முக்கியக் காரணம்.

குழாய் எதற்கு?

கேபிளை நேரடியாக மணலில் புதைப்பதும் அனுமதிக்கப்பட்ட முறைதான். அப்படியானால் குழாய் ஏன்? பத்து வருஷம் கழித்துக் கேபிள் பழுதாகும்போது விடை தெரியும். நேரடியாகப் புதைத்திருந்தால் புல்தரை, நடைபாதை, சிமென்ட் தளம் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும். குழாய்க்குள் இருந்தால் பழைய கேபிளை உருவி எடுத்துவிட்டு, புதியதை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். நோயாளிகள் ஸ்ட்ரெச்சரில் போகும் பாதையை வாரக்கணக்கில் தோண்டிப்போட முடியாத ஆஸ்பத்திரிக்கு இது பெரிய வசதி.

இதற்கென்று செய்யப்பட்ட குழாய், வெளியே வளையம் வளையமாகவும் உள்ளே வழவழப்பாகவும் இருக்கும் இரட்டைச் சுவர் எச்.டி.பி.இ. குழாய். வளையங்கள் மண்ணின் பாரத்தைத் தாங்கும். வழவழப்பான உட்புறம் கேபிளை உராயாமல் இழுக்க உதவும். பூமிக்கடியில் போகும் மின் குழாய்களுக்கு ஐ.எஸ். 14930 என்ற தனித் தரம் இருக்கிறது. சுவருக்குள் போடும் மெல்லிய பி.வி.சி. பைப்பை மண்ணில் புதைத்தால் அது பாரத்தில் நசுங்கிப்போகும். ஆம்புலன்ஸ் போகும் இடங்களில் குழாயை ஜி.ஐ. பைப்புக்குள்ளோ ஹியூம் பைப்புக்குள்ளோ விட வேண்டும். அந்த இடத்தில் ஒரு வெறும் குழாயையும் சேர்த்துப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். பின்னால் எது வந்தாலும் சாலையை வெட்ட வேண்டியதில்லை.

குழாயை முழுவதும் அடைக்கிற அளவுக்குக் கேபிள் போடக் கூடாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கேபிள்கள் போனால் உள்ளிடத்தில் 40 சதவீதம் மட்டும் நிரம்ப வேண்டும் என்பது பல நாடுகளிலும் வழக்கமான அளவு. மீதி இடம் இழுப்பதற்கும் சூடு ஆறுவதற்கும் வேண்டும். வளைவுகள் நீண்டு, மெதுவாகத் திரும்ப வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதுபோல் சட்டென்று திரும்பும் எல்போ போட்டால் கேபிள் அதற்குள் போகாது. நேர்ப்பாதையிலும் இடையிடையே, திருப்பங்களில் கட்டாயமாக, மூடி போட்ட செங்கல் தொட்டி கட்ட வேண்டும். குழாய் போடும்போதே உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டுவைத்தால், பின்னால் கேபிள் இழுப்பது எளிது.

எப்படிப்பட்ட கேபிள்?

குழாய் இருக்கிறதே என்று வீட்டுக்குள் ஓடும் சாதாரண ஒற்றை ஒயரை அதற்குள் விடுகிறவர்கள் உண்டு. இது தவறு. பூமிக்கடியில் இருக்கும் குழாய்க்குள் இன்றோ நாளையோ தண்ணீர் வரும். மழையில் வராவிட்டாலும், பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் நடுவில் காற்றிலுள்ள ஈரமே உள்ளே வியர்க்கும். ஆகையால் உள்ளே இருக்கும் கேபிள் தண்ணீரிலேயே கிடந்தாலும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஐ.எஸ். 1554 அல்லது ஐ.எஸ். 7098 தரத்தில் வரும், கனமான மேலுறையுள்ள கேபிள் இதற்குரியது. அதிலும் உள்ளே இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள் நம் ஊருக்கு நல்லது. பெருச்சாளி பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். கவசத்தைக் கடித்து முடிக்க அதனால் ஆகாது.

மண்ணையும் கவனிக்க வேண்டும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்து, மழையில் உப்பும். அங்கே கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினால் மண் அசையும்போது இணைப்பு கழன்றுவிடும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சுற்று அதிகமாக விட்டுவைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்பு மண் ஜி.ஐ. பைப்பைச் சீக்கிரம் அரித்துவிடும்; எச்.டி.பி.இ. அரிக்காது.

எக்காரணத்தைக் கொண்டும் குழாய்க்குள் கேபிளை ஒட்டுப்போடக் கூடாது. டேப் சுற்றி உள்ளே தள்ளிய ஒட்டு, ஈரம் பட்டதும் பழுதாகும் முதல் இடம். கேபிள் ஒரு கம்பத்துக்குள் ஏறி, அங்குள்ள பெட்டியில் இணைப்புப் பெற்று, மறுபடி இறங்கி அடுத்த கம்பத்துக்குப் போக வேண்டும். இணைப்புப் பெட்டி முழங்கால் உயரத்துக்கு மேலே இருப்பது நல்லது. மழைத்தண்ணீர் தேங்கும் இடமானால் இன்னும் மேலே. கம்பத்துக்குள் ஏறும் குழாயின் வாயை அடைத்துவிட வேண்டும். எறும்பும் எலியும் அந்த வழியாகத்தான் வருகின்றன. தொட்டிகளின் அடியில் சிமென்ட் பூசாமல் ஜல்லி போட்டு, குழாயைத் தொட்டியை நோக்கி இலேசாகச் சாய்த்துப் பதித்தால், வந்த தண்ணீர் மண்ணில் இறங்கிப்போகும்.

உயிரைக் காப்பது எது?

இதை மட்டும் பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். "மெயினில் எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் டிரிப் ஆகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. எம்.சி.பி. காப்பது கேபிளை. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது அசையும். மனித சரீரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகி, பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில விநாடிகள் நீடித்தால் மூச்சுக்கும் இருதயத் துடிப்புக்கும் ஆபத்து. 6 ஆம்பியர் என்பது அந்த 30 மில்லி ஆம்பியரைப் போல் 200 மடங்கு.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. எங்கேயோ ஒரு மனிதர் வழியாகவோ ஈரமண் வழியாகவோ கொஞ்சம் கசிந்தால் கணக்கு உதைக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அது விநாடியில் ஒரு சிறு பங்கில் இணைப்பைத் துண்டித்துவிடும். வெளிப்புற விளக்குகளுக்கு இது இல்லாமல் இணைப்புக் கொடுக்கவே கூடாது.

அடுத்தது எர்த். "ஒவ்வொரு கம்பத்துக்கும் அருகில் ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டோம், எர்த் ஆகிவிட்டது" என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அப்படி அடித்த கம்பிக்கு மண்ணோடு 23 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் கம்பத்தில் பாய்ந்தால், அந்த மண் வழியாகப் போவது 10 ஆம்பியர் மட்டுமே. 10 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் அது விழாது. கம்பம் மின்சாரத்தோடு நின்றுகொண்டே இருக்கும். விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஆகவே எர்த் கம்பி கேபிளோடு கூடவே எல்லாக் கம்பங்களையும் தொட்டு, மெயின் போர்டின் எர்த் வரை அறுபடாமல் திரும்பி வர வேண்டும். ஆர்.சி.சி.பி.யும் இந்தக் கம்பியும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. தோட்ட விளக்குகளின் ஆர்.சி.சி.பி. தனியாக இருக்க வேண்டும். மழையில் ஒரு விளக்கு நனைந்து ஆர்.சி.சி.பி. விழுந்தால் பாதை மட்டும் இருட்டாக வேண்டும். வார்டும் ஆபரேஷன் தியேட்டரும் அதோடு சேர்ந்து அணையக் கூடாது.

12 வோல்ட் விளக்கு போதாதா?

பூச்செடிகளுக்கு நடுவிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகள் நல்லவை, அந்த அழுத்தத்தில் ஷாக் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் தூரம் போகாது. கணக்கைப் பாருங்கள். 10 விளக்குகள், மொத்தம் 60 வாட், 50 மீட்டர் தொலைவில் இருக்கின்றன. 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போகவரச் சுமார் 0.74 ஓம் தடை. வழியிலேயே 3.7 வோல்ட் போய்விடும். விளக்குக்குச் சேருவது 8 வோல்ட் சொச்சம். அதே 60 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுபோனால் வழியில் நஷ்டமாவது 0.2 வோல்ட்கூட இல்லை. ஆகவே நீண்ட பாதைகளுக்கு 230 வோல்ட், பூந்தோட்டத்துக்குப் பக்கத்திலேயே டிரான்ஸ்பார்மர் வைத்து 12 வோல்ட் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

மூடுவதற்கு முன் பாருங்கள்

வேலையை அரசு மின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். ஆனாலும் கமிட்டியில் இருக்கிற நாம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. தோண்டுமுன் தண்ணீர்க் குழாய், சாக்கடை, தொலைபேசி, ஆக்சிஜன் குழாய் எங்கெங்கே போகின்றன என்று சுண்ணாம்பால் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். மண் மூடுவதற்கு முன் ஒருவர் அளவுக்கோலோடு போய் ஆழத்தைப் பார்க்கட்டும். மணலும் செங்கல்லும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். திறந்த பள்ளத்தைப் போட்டோ எடுக்கட்டும். கேபிளை மெகர் வைத்து 500 வோல்ட்டில் சோதித்து, குறைந்தது 1 மெகாஓம் வருகிறது என்று எழுதி வாங்குங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

கடைசியாக, குழாய் போகிற வழியை ஒரு வரைபடமாக வரைந்து, கட்டடத்தின் மூலையிலிருந்து எத்தனை அடி என்று குறித்து, அலுவலகக் கோப்பில் வையுங்கள். இன்று வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனும் இன்றைய கமிட்டியும் இன்னும் இருபது வருஷம் அதே இடத்தில் இருக்கப்போவதில்லை. அப்போது கையில் கடப்பாரையோடு வந்து நிற்கும் கூலியாளுக்கு அந்தக் காகிதமே பாதுகாப்பு.

கொட்டேஷன்கள் வரும்போது குறைந்த தொகையைத் தேடுவது நம் எல்லாருக்கும் இயல்பு. அப்படித் தேடும்போது, தொகை எங்கே குறைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். விளக்கு இரண்டு குறைந்தால் பாதை கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம். ஆழத்திலும் எர்த் கம்பியிலும் குறைத்தால் அது மண் மூடியபின் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிறவர் மழை இரவில் கம்பத்தைத் தொடுகிற ஏதுமறியாத ஒருவராக இருப்பார். அந்த நிலை ஒருவருக்கும் வராதிருக்கவே உங்கள் காணிக்கையில் பெரிய பங்கு மண்ணுக்குள் போகிறது.